சூடு சுவரும் ஆறு எம்எம்மும்

கொல்லிமலைக்கு மேலே போய் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "சூடுசுவரு பாய்" என்று கேளுங்கள், திருப்புலி நாட்டில் சின்னப் பிள்ளைகூட அடிவாரம் இருக்கிற திசையைக் கை காட்டும். நாற்பது வருடம் வயரிங் வேலை பார்த்தேன். எத்தனையோ வீடுகளில் முதல் பல்பு என் கையால்தான் எரிந்தது. அதெல்லாம் எவனுக்கு ஞாபகம் இருக்கிறது? செய்த ஒரே ஒரு முட்டாள்தனத்தைப் பட்டப்பெயராக்கி வைத்துக்கொண்டார்கள். அந்தச் சுவரை ஆறவைத்துவிட்டேன் என்று இன்றுவரை என்னோடு பேசாத ஒரு அம்மாவும் அங்கே இருக்கிறார்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளும் தங்கைகளும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வயரை எப்படிச் சீவுவது, பைப்பை எப்படி வளைப்பது என்பதெல்லாம் இதில் கிடையாது. அதற்கு உங்கள் ஐடிஐ வாத்தியார் இருக்கிறார். ஒரே ஒரு வார்த்தையை விழுங்கியதால் ஒரு கைக்குழந்தையின் தலைமாட்டில் நெருப்பு வைக்கப் பார்த்தேன். அந்தக் கதை இது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நானே இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொன்னுசாமி திருப்புலி நாட்டுக்காரர். மிளகும் மரவள்ளியும் போடுகிற விவசாயி, என் பழைய வாடிக்கைக்காரர், தங்கமான மனிதர். அவரிடம் ஒரே ஒரு கோளாறு உண்டு. எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். அடுத்தவர்கள் பேனா செருகுகிற சட்டைப் பையில் அவர் பிளாஸ்டிக் ஸ்கேல் செருகியிருப்பார். மகள் கோமதி பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது. மிளகுக் கொடி ஏறுகிற மரத்தை அளப்பார், கொத்தனார் பூசிய பூச்சை அளப்பார். அடிவாரத்து ஓட்டலில் ஒருமுறை அவர் தோசையை அளந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். போன தடவையைவிடச் சின்னதாக இருக்கிறதாம்.

கோமதியைக் கட்டிய மாப்பிள்ளை லண்டன் பக்கம் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறார். முதல் குழந்தை பிறந்ததும் லீவு போட்டுவிட்டு மாமனார் வீட்டுக்கு வந்தார். மலைக் குளிரில் பிள்ளை பெற்றவள் பச்சைத் தண்ணீரைத் தொடக் கூடாது என்று, லண்டனில் வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிற ஷவர் ஒன்றைப் பெட்டியோடு தூக்கி வந்துவிட்டார். நம் ஊர் கெய்சரைப் போல இது தண்ணீரைச் சேர்த்து வைத்துச் சுட வைக்காது. குழாயைத் திறந்தால், ஓடுகிற தண்ணீரை ஓட ஓடச் சுட வைக்கும். அதனால் கரண்டை அண்டா அண்டாவாகக் குடிக்கும். எட்டரை கிலோவாட். நான்கு கெய்சரை ஒரே நேரத்தில் போட்டது மாதிரி.

பொன்னுசாமி போன் செய்தார்.

"ஏனுங்க பாய், மாப்ள லண்டன்ல இருந்து ஒரு குளிக்கற மிசினு கொண்டாந்திருக்கறாருங்க. இதுக்கு லைனு எப்படி இழுக்கறதுங்க?"

நான் நேரே போயிருக்க வேண்டும். போகவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடிவாரத்திலிருந்து மேலே போக எழுபது கொண்டை ஊசி வளைவு. இருபதாவது வளைவுக்குள் என் வயிறு புரண்டு வாய்க்கு வந்துவிடும். நாற்பது வருடமாக அந்த மலையில் வேலை பார்த்தவன், ஒவ்வொரு முறையும் மடியில் பிளாஸ்டிக் பையோடுதான் பஸ் ஏறினேன். அன்றைக்கு வயிற்றை நினைத்தேன், வேலையை நினைக்கவில்லை. போனிலேயே முடித்துவிடலாம் என்று தோன்றியது.

"மெயின்ல இருந்து தனி லைன் இழுங்கண்ணா. ஆறு எம்எம் வயரு. அதுக்குக் கொறைஞ்சு போட்றாதீங்க" என்றேன்.

"ஆறு எம்எம். சரிங்க பாய்."

அந்த வயருக்குப் பொருத்தமான நாற்பது ஆம்பியர் பிரேக்கர் ஒன்றைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். கரண்டு அளவுக்கு மேல் போனால் தானே விழுந்து லைனை அறுத்துவிடுகிற காவல்காரன் அது. ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"பாய், மோட்டார் மெக்கானிக்க வெச்சு எல்லாம் மாட்டியாச்சுங்க. சுவத்துக்குள்ள வெச்சுப் பூசியும் விட்டாச்சு. ஆறு எம்எம்மேதானுங்க. நானே அளந்து பாத்துட்டனுங்க."

"ரொம்ப நல்லதுங்கண்ணா" என்று வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "நானே அளந்து பார்த்தேன்." அந்த நாற்பது வருடத்தில் வயரை அளந்து பார்த்ததாக ஒருத்தன் என்னிடம் சொன்னதுண்டா? வயரை யாராவது அளப்பார்களா? வயர் மேல் அச்சடித்திருப்பதைப் படிப்பார்கள். "எதை வெச்சு அளந்தீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. தோசையையே அளக்கிற மனுசன் என்று சிரித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மார்கழி பிறந்தது. ஒருநாள் காலை ஒன்பதரை மணிக்குப் பொன்னுசாமியிடமிருந்து மறுபடியும் போன். குரலில் ஒரே குஷி.

"பாய், உங்க கைராசியே கைராசிங்க! நம்மூட்டுச் சூடு சுவத்தப் பாத்துட்டு இன்னும் மூணு ஊட்டுக்காரங்க கேக்கறாங்க. எப்ப வாரீங்க?"

"என்ன சுவருங்க?"

"சூடு சுவருங்க. நீங்க போட்டுக் குடுத்ததுதானுங்களே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விளக்கினார். ஷவரில் யாராவது குளித்தால், ஹாலுக்கு நடுவில் இருக்கிற சுவர் வெதுவெதுவென்று ஆகிவிடுகிறதாம். முதலில் கண்டுபிடித்தது வீட்டுப் பூனை. அடுப்படியை விட்டுவிட்டு அந்தச் சுவரோரமே கதி என்று கிடந்தது. அப்புறம் இவர் முதுகைச் சாய்த்துப் பார்த்தார், பல வருட முதுகுவலி ஓடிப் போயிற்று. பக்கத்து வீட்டுச் செல்லம்மா வந்து முழங்காலைச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கும் சுகம். அதற்குமேல் கேட்கவா வேண்டும்?

"இந்தக் குளுருக்கு இட்லி மாவு ரெண்டு நாளானாலும் பொங்காதுங்க பாய். சுவத்தோரம் வெச்சா விடியறதுக்குள்ள சட்டிய விட்டு வெளிய வந்துருது. இப்ப வளவுல இருக்கற அத்தன ஊட்டு மாவும் நம்மூட்லதானுங்க இருக்குது."

"சுவரு ஆறிப்போச்சுன்னா?"

"மாப்ளயப் போயிக் குளிக்கச் சொல்லுவோமுங்க. ஒரு நாளைக்கு நாலு தடவ குளிக்கறாரு. அவருக்குத்தான் சளி புடிச்சுப் போச்சு, பாவம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். நாற்பது வருடத்து வயர்மேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சுடுதண்ணீர்க் குழாயைச் சுவருக்குள் விட்டிருப்பார்கள் போல என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. இந்த ஷவர் தண்ணீரைச் சுட வைப்பதே குளியலறைக்குள், தலைக்கு மேலே. ஹால் சுவருக்குள் சுடுதண்ணீருக்கு என்ன வேலை? அந்தச் சுவருக்குள் போவது ஒன்றே ஒன்றுதான். வயர். சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் நிறுத்தவில்லை. "எம்பேரன் அந்தச் சுவத்தோரந்தானுங்க தூங்கறான். வேற எங்க போட்டாலும் வீல்னு கத்தறான். இன்னைக்கு இன்னும் விசேசமுங்க பாய். புது டிரான்ஸ்பார்மரு வெச்சுட்டாங்க. காத்தால இருந்து கரண்டு இல்ல, பதனோரு மணிக்குப் புதுசுல லைன் குடுக்கறாங்களாம். இனி லோ வோல்டேஜே கெடையாதுங்க. சுவரு இன்னும் நல்லாச் சுடுமுங்களே? அட, ஆளுக வந்துட்டாங்க, வெச்சர்றனுங்க."

வைத்துவிட்டார். நான் செருப்பைத் தேடினேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த வளவில், அதாவது அந்தச் சின்னக் குடியிருப்பில், எப்போதும் லோ வோல்டேஜ். பல்பு அகல் விளக்கு மாதிரி எரியும். வோல்டேஜ் குறைவாக இருந்ததால் ஷவரும் பாதி வயிற்றுக்குத்தான் கரண்டு குடித்திருக்கிறது. அதற்கே சுவர் சுடுகிறது என்றால், உள்ளே கிடக்கிற வயர் அந்த வேலைக்குப் போதவில்லை என்று அர்த்தம். அத்தனை நாளாக எல்லோரும் திட்டித் தீர்த்த அந்த லோ வோல்டேஜ்தான் அந்த வீட்டைக் காப்பாற்றி வந்திருக்கிறது. பதினோரு மணிக்குப் புது டிரான்ஸ்பார்மரிலிருந்து முழுக் கரண்டு வரப் போகிறது. சுவரோரத்தில் குழந்தை தூங்குகிறது.

திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மின்சார ஆபீசுக்குப் போட்டேன். லைன்மேன்கள் எல்லாம் மேலே கம்பத்தில் இருந்திருப்பார்கள், அங்கேயும் யாரும் எடுக்கவில்லை. தெருமுனையில் நின்ற வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்து, "மலைக்கு விடு" என்றேன். அவசரத்தில் பிளாஸ்டிக் பையை எடுக்க மறந்துவிட்டேன்.

பதினெட்டாவது வளைவில் காரை நிறுத்தி, ரோட்டோரத்தில் உட்கார்ந்து காலையில் தின்றதையெல்லாம் கக்கினேன். முப்பத்தாறாவது வளைவில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. அங்கேதான் முதல்முறையாகப் பொன்னுசாமி போனை எடுத்தார். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"அண்ணா, பையனச் சுவத்தோரம் படுக்க வைக்காதீங்க!" என்று கத்தினேன்.

"சரிங்க பாய்!"

"கரண்டு வந்ததும் மாப்ளயக் குளிக்க விடாதீங்க!"

"சரிங்க பாய், சரிங்க!" அதோடு லைன் போயிற்று.

அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். லாரி நகர்ந்தது. மிச்ச வளைவுகளை நான் கண்ணை மூடிக்கொண்டே கடந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. புதுக் கரண்டில் சுவர் எப்படிச் சுடுகிறது என்று பார்க்க ஹாலில் இருபது பேர் கூடியிருந்தார்கள். சுவரோரம் வரிசையாக மாவுச் சட்டிகள், ஒவ்வொன்றின் மூடியிலும் சாக்கட்டியால் பெயர். சுவருக்கு நடுவில் யாரோ மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். பொட்டுக்குக் கீழே பூனை. பூனைக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, பழம்புடவை விரிப்பில் குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. தலை சுவரிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை.

"ஏம்மா கோமதி, போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னனே!"

"நீங்க சொன்னபடியேதானுங்க பாய் செஞ்சோம்" என்றாள் அந்தப் பெண். "மடியில வெச்சிருந்தவன, நீங்க சொன்னீங்கன்னு அப்பா இங்க படுக்க வெச்சாரு."

"நான் எங்கம்மா சொன்னேன்?"

பொன்னுசாமி முன்னால் வந்தார். "பையனச் சுவத்தோரம் படுக்க வைன்னீங்க. வெச்சாச்சு. கரண்டு வந்ததும் மாப்ளயக் குளிக்க விடுன்னீங்க. காத்தால இருந்து அவரு மாட்டேன்னுதான் சொல்லிட்டு இருந்தாரு. பாயே சொல்லீட்டாருன்னு சோப்பும் கையுமா உள்ள நிக்கறாருங்க."

உள்ளேயிருந்து ஒரு தும்மல் கேட்டது.

எனக்குத் தலை சுற்றியது. வளைவினால் இல்லை. "வைக்காதீங்க" என்றேன். "வை" வரைக்கும் போயிருக்கிறது, மிச்சத்தைச் சிக்னல் தின்றுவிட்டது. "விடாதீங்க" என்றேன். "வி" என்று போய்ச் சேர்ந்ததை அவர்களே "விடு" ஆக்கிக்கொண்டார்கள். தம்பிகளே, நம் பேச்சில் "கூடாது" என்பது கடைசியில்தான் வரும். வால் அறுந்தால் அதுவே "செய்" என்று ஆகிவிடும். ஆபத்தான நேரத்தில் போனில் "செய்யாதே" என்று சொல்லாதீர்கள். "பிள்ளையத் தூக்கு" என்று சொல்லுங்கள். "வெளிய போ" என்று சொல்லுங்கள். பாதி அறுந்தாலும் "பிள்ளை" என்றாவது போய்ச் சேரும்.

"மெயின் போர்டு எங்க இருக்குது?" என்றேன்.

"மொளகு மூட்டைக்குப் பின்னாலீங்க."

திரும்பிப் பார்த்தேன். பிரேக்கர் இருந்த மூலையில் உத்தரம் வரைக்கும் மிளகு மூட்டை அடுக்கியிருந்தது. பிரேக்கர் ஒருமுறைகூட விழவில்லையே, அதைப் பார்க்க வேண்டிய தேவை என்ன என்று அடுக்கிவிட்டார்கள். விழாமல் இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள் ஜனங்கள். நாமும் பல நேரம் அப்படித்தான் நினைக்கிறோம்.

"மொதல்ல பையனத் தூக்கும்மா" என்றேன். கோமதி குனிந்தாள்.

"தூங்கற புள்ளையத் தூக்காத கண்ணு!" என்று குறுக்கே வந்தார் செல்லம்மா. "இந்தக் குளுருல சளி புடிச்சா பாயா வந்து பாப்பாரு? ஏனுங்க பாய், நீங்க பாட்டுக்குச் சுவத்த ஆறவெச்சுப் போட்டீங்கன்னா எம்மாவு என்னத்துக்காகறது?"

"சுவத்துக்குள்ள இருக்கற வயரு பத்தாதுங்கம்மா. தீப் புடிச்சுக்கும்."

அதைக் கேட்டதும் பொன்னுசாமியின் முகம் மாறிவிட்டது. கோபம் இல்லை, அவமானம். "பத்தாதுன்னு எப்படிங்க சொல்றீங்க? ஆறு எம்எம் போடச் சொன்னீங்க. போட்டிருக்கறேன். இருங்க." உள்ளே போய் மிச்சமிருந்த வயர்த் துண்டு ஒன்றை எடுத்து வந்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை உருவி, இருபது பேருக்கு முன்னால் அதன்மேல் வைத்துக் காட்டினார். "நீங்களே பாருங்க. ஆறு எம்எம். ஒரு நூலு கொறையுதுங்களா?"

போர்வெல் மோட்டாருக்கு இறக்கியது போக மிஞ்சிய பட்டைக் கேபிள். மேல் ரப்பரோடு சேர்த்துக் கனத்தை அளந்தால் சுத்தமாக ஆறு மில்லிமீட்டர்.

"அஞ்சு எச்பி மோட்டாரையே தூக்குதுங்க பாய் இது. ஒரு ஆளு குளிக்கறதத் தூக்காதுங்களா?"

கூட்டம் "அதானே" என்றது. நாம் வயரை "ஆறு எம்எம்" என்று சொல்வது ஆறு ஸ்கொயர் எம்எம். உள்ளே இருக்கிற செம்பின் வெட்டுப் பரப்பு. ஆனால் ஸ்கொயர் என்று நம்மில் எவன் வாய் திறந்து சொல்கிறான்? கடைக்காரன் சொல்வதில்லை, நான் சொல்வதில்லை, நீங்களும் சொல்வதில்லை. நமக்குள் பேசிப் பேசி அந்த வார்த்தையை விழுங்கிவிட்டோம். வெளியாள் ஒருவர் ஸ்கேலோடு வந்து, நாம் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டார். இதில் அவருடைய தப்பு எங்கே இருக்கிறது? தப்பு முழுக்க என்னுடையது. அவர் கையிலிருந்த கேபிளுக்குள் செம்பு ரெண்டரை ஸ்கொயர்தான். நான் கொடுத்தனுப்பிய பிரேக்கர் ஆறுக்கானது, அதனால் அதுவும் விழாது. காவல்காரனைத் தூங்க வைத்ததும் நானே.

கரண்டு இன்னும் வரவில்லையே என்ற தைரியத்தில் நின்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன் பாருங்கள், அது அடுத்த முட்டாள்தனம். கத்தியை வாங்கிக் கேபிளைச் சீவி, செம்பைக் காட்டினேன்.

"இதுதாங்கண்ணா வயரு. மேல இருக்கறது சட்ட. நீங்க கம்பளி போத்திட்டு நிக்கற ஆளக் கம்பளியோட அளந்திருக்கறீங்க. மோட்டார்ல பாரத்த மூணு கம்பி பங்கு போட்டுத் தூக்குது. இங்க மொத்தமும் ஒத்தக் கம்பி தலையில..."

அந்த நேரத்தில் கரண்டு வந்துவிட்டது.

மேலே ஃபேன் சுற்றிய வேகத்தை அந்த வீடு அதுவரை பார்த்ததே இல்லை. பல்பு பளீர் என்றது. வளவு முழுக்க ஒரே விசில். குளியலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "மாப்ள, நிறுத்துங்க!"

"பாய், தண்ணி சூப்பருங்க! லண்டன்ல வர்ற மாதிரியே வருது!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. ஷவர் சத்தத்தில் என் பேச்சு அவர் காதில் ஏறவில்லை.

இனி கதவைத் தட்டுவதா, கூட்டத்தோடு மல்லுக்கட்டுவதா, பிரேக்கருக்குப் போவதா? ஒரு விநாடி நின்றேன். பேசிப் பயனில்லை என்று முடிவு செய்து மிளகு மூட்டைமேல் ஏறினேன். அறுபதை நெருங்கிய கிழவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உத்தரத்துக்கும் மூட்டைக்கும் நடுவில் பல்லி மாதிரி ஊர்ந்தேன். ஒரு மூட்டை பிரிந்து மிளகு ஹாலெல்லாம் உருண்டது. பின்னால் பொன்னுசாமி "பாய், மொளகுங்க, மொளகுங்க!" என்று கதறினார்.

கீழே ஜனங்கள் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆகா, இன்னைக்குத்தான் சுவருக்கு உசுரு வந்திருக்குது!" என்றார் செல்லம்மா. முதுகைச் சாய்த்திருந்த ஒருவர் "கொஞ்சம் சாஸ்தியாத்தான் சுடுது" என்று நகர்ந்து உட்கார்ந்தார். அப்போதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வந்தது பூனைக்குத்தான். சுவரைக் கண்ட நாளிலிருந்து ஒரு மாதமாக அந்த இடத்தை விட்டு அசையாத பூனை. தலையைத் தூக்கிச் சுவரை ஒரு முறை முகர்ந்தது. எழுந்தது. சட்டிகளைத் தாண்டி, ஜனங்களின் கால்களுக்கு நடுவில் புகுந்து, வாசல் வழியாக வெளியே போயிற்று. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதைக் கோமதி பார்த்தாள். நான் அத்தனை பேசியும் தயங்கி நின்றவள், ஒரே எட்டில் போய்க் குழந்தையை வாரித் தூக்கினாள். குழந்தை வீல் என்று கத்தியது.

"ஏஞ்சாமி, புள்ள அழுவுது பாரு, கீழ விடு" என்றார் செல்லம்மா.

"பூனைக்கே வேண்டாம்னா எம்புள்ளைக்கு எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு அவள் வாசலுக்குப் போய்விட்டாள்.

அவள் வாசப்படி தாண்டவும் ரப்பர் கருகுகிற நாற்றம் வரவும் சரியாக இருந்தது. குங்குமப் பொட்டு என் கண்ணெதிரில் கறுத்தது. பொட்டுக்குக் கீழே பூச்சு வெடித்து, இட்லித் தட்டு அளவுக்குப் பொக்கென்று கழன்று, குழந்தையின் விரிப்பின்மேல் விழுந்தது. தலை இருந்த இடத்தில். பழம்புடவை அந்த இடத்தில் லேசாகப் புகைந்தது.

நான் மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டு, தடவி, பிரேக்கரைக் கீழே இழுத்தேன்.

ஷவருக்குத் தனி லைன், அதனால் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. குளியலறையிலிருந்து ஒரு அலறல். "யாருங்க அது ஆஃப் பண்ணது? பச்சத்தண்ணி வருதுங்க!"

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. அவரவர் மாவுச் சட்டியை எடுத்துக்கொண்டார்கள். செல்லம்மா தன் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மாறவில்லை.

உளி வாங்கிச் சுவரைக் கொத்தினேன். பொட்டு இருந்த இடத்துக்கு நேர் பின்னால் ஒரு ஜாயின்ட். மிச்சக் கேபிள் ஒரே நீளத்துக்குப் போதாமல், இரண்டு துண்டை முறுக்கி டேப் சுற்றிச் சுவருக்குள் விட்டிருந்தார்கள். டேப் கரியாகியிருந்தது. ரப்பர் உருகி வெல்லப்பாகு மாதிரி வழிந்து உறைந்திருந்தது. நடுவில் கரண்டு போகிற கம்பியும் திரும்புகிற கம்பியும் சட்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் ஒட்டியிருந்தால் பிரேக்கர் விழுந்திருக்கும் என்று உங்கள் புத்தகம் சொல்லும். சரிதான். ஒட்டாமல் உரசி உரசிப் பொறி விட்டிருந்தால் பிரேக்கர் விழுந்திருக்காது. புடவைதான் பற்றியிருக்கும்.

பொன்னுசாமி என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்தக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். கோமதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். சோப்பு நுரையும் துண்டுமாக மாப்பிள்ளை அவளுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அண்ணா, நான் ஸ்கொயர்னு சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். "என்ன மன்னிச்சுக்கங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். அந்த இரண்டு கம்பிக்கும் நடுவில் இருந்த சந்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். வேட்டியில் ஸ்கேலைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணுங்க" என்றார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "இது ஸ்கொயருங்களா பாய், வெறும் எம்எம்முங்களா?"

"வெறும் எம்எம்தாங்கண்ணா" என்றேன்.